குடிநீரில் அழியா ரசாயனம்: நீக்கும் முறைகளும் வணிகர் அறிய வேண்டியவையும்



மளிகை மொத்த வியாபாரத்தோடு, பக்க வியாபாரமாகத் தண்ணீர் வடிகட்டிகளையும் அதன் உதிரிகளையும் எங்கள் கடையில் சில ஆண்டுகளாக விற்று வருகிறோம். ஒரு கோடை நாளில் பக்கத்து ஊர்ச் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். "அண்ணாச்சி, பேப்பர்ல ஏதோ அழியாத ரசாயனம்னு போட்டிருக்கான். வாடிக்கைக்காரம்மா ஒருத்தங்க வந்து, இந்தக் கரி வடிகட்டி அதை எடுக்குமான்னு கேட்டுட்டு நிக்கிறாங்க. என்ன சொல்லட்டும்?" என்றார். கல்லாவில் கூட்டம். நாங்கள் யோசிக்கவே இல்லை. "நூத்துக்கு நூறு போயிரும்னு சொல்லிக் கொடுங்க" என்றோம். அவரும் அப்படியே சொல்லி விற்றுவிட்டார்.

இரவு கடை அடைத்துக் கணக்கு எடுக்கும்போது அந்த வார்த்தை உறுத்தியது. மூட்டையைப் பிரித்துப் பாராமலே தரம் சொன்ன வேலை அது. நாற்பது வருடத் தொழிலில் துவரம் பருப்புக்கு அப்படிச் சொன்னதில்லை, தண்ணீருக்குச் சொல்லிவிட்டோம். எஸ்.எஸ்.எல்.சி.யோடு கடைக்கு வந்தவர்கள் நாங்கள். எனவே வேதிப் பொறியியல் படித்த தம்பி மகளை இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துப் பாடம் கேட்டோம். கேட்டதையும், பிறகு தேடிப் படித்ததையும் நம் உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்று இங்கே தருகிறோம்.

சரக்கு என்ன?

பி.எஃப்.ஏ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இவை ஒன்றல்ல, ஆயிரக்கணக்கான ரசாயனங்கள் அடங்கிய ஒரு குடும்பம். கரியணுக்கள் சங்கிலியாக நிற்க, அவற்றைச் சுற்றி ஃப்ளோரின் அணுக்கள் ஒட்டியிருக்கும். கரியணு ஒற்றைப் பிணைப்பாக வேறொரு அணுவோடு சேரும் சேர்க்கைகளில் இதைவிட உறுதியானது இல்லை. வெயில், மழை, கிருமி, மண் எதுவும் அதை எளிதில் பிரிப்பதில்லை. எண்ணெயும் ஒட்டாது, தண்ணீரும் ஒட்டாது என்ற குணத்துக்காகத்தான் இவற்றைச் செய்தார்கள். 1938ல் அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் ராய் பிளங்கெட் என்ற வேதியியலார் தற்செயலாகக் கண்ட டெஃப்லான் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. பிறகு கறை படியாத துணி, எண்ணெய் ஊறாத காகிதம், எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரை என்று பல இடங்களில் நுழைந்துவிட்டது.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கிணற்று நீரில் பல்லைக் கறையாக்கும் ஃப்ளோரைடு வேறு, இது வேறு. அது பாறையிலிருந்து ஊறும் உப்பு. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத் தெளிய வைத்துக் குறைத்துவிடலாம். இது ஆலையில் செய்த பொருள். படிகாரத்துக்கும் குளோரினுக்கும் மசியாது. கொதிக்க வைத்தாலோ நீர்தான் ஆவியாகிப் போகும். ரசாயனம் பாத்திரத்திலேயே தங்கி இன்னும் செறிவாகும். காய்ச்சிக் குடித்தால் எல்லாம் போய்விடும் என்பது கிருமிக்குத்தான் பொருந்தும்.

ஓஹியோ ஆற்றங்கரையில் நடந்தது

இந்த ரசாயனத்தைத் தண்ணீரிலிருந்து எடுக்க உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் முக்கியமானது அமெரிக்காவின் ஓஹியோ ஆற்றங்கரை. ஆற்றின் ஒரு கரையில், மேற்கு வர்ஜீனியா மாநிலத்துப் பார்க்கர்ஸ்பர்க் நகருக்கு அருகே, டூபான்ட்டின் டெஃப்லான் ஆலை இருந்தது. டெஃப்லான் செய்ய உதவிப் பொருளாக பி.எஃப்.ஓ.ஏ. என்ற ரசாயனத்தை 1951 முதல் அங்கே பயன்படுத்தினார்கள். எட்டுக் கரியணு உள்ளதால் சி-8 என்றும் அதைச் சொல்வார்கள். கழிவு ஆற்றுக்கும் காற்றுக்கும் குப்பைக் குழிக்கும் போயிற்று. குழிக்குக் கீழ்ப்புறத்துப் பண்ணையில் மாடுகள் நூற்றுக்கு மேல் செத்தன. அந்த விவசாயி வழக்கறிஞர் ராபர்ட் பிலட்டிடம் போனார். 1999ல் வழக்குத் தொடரப்பட்டது. வழக்கில் வெளிவந்த காகிதங்களிலிருந்துதான் குடிநீரிலும் இந்தச் சரக்கு இருப்பது ஊருக்குத் தெரிந்தது.

மறுகரையில், ஓஹியோ மாநிலத்தில், லிட்டில் ஹாக்கிங் என்ற சிற்றூர். அங்கே குடிநீர் வழங்குவது அரசு அல்ல. நம் சங்கத்தைப் போல உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு நீர்ச் சங்கம். அவர்கள் கிணறுகள் ஆலைக்கு நேர் எதிரே. அந்த ஊர்க்காரர் இரத்தத்தைச் சோதித்தபோது, அமெரிக்காவில் பொதுவாகக் காணும் அளவைப் போல் அறுபது மடங்குக்கு மேல் பி.எஃப்.ஓ.ஏ. இருந்தது. ஆலையில் வேலை செய்யாதவர்களுக்கும்தான். குழாய் நீரை அதிகம் குடித்தவர்களுக்கு அதிகம். வீட்டில் கரி வடிகட்டி வைத்திருந்தவர்களுக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறோம்.

சமரசத்தின்படி சுமார் 69,000 பேரிடம் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். கேள்வித்தாள் நிரப்பி இரத்தம் கொடுத்தவருக்கு 400 டாலர். பணம் கொடுத்ததால்தான் அத்தனை பேர் வந்தார்கள். ஆராய்ச்சிக்கு இது நல்ல முதலீடு என்றே நாங்கள் சொல்வோம். இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மூன்று நிபுணர்கள் 2012 வரை ஆராய்ந்து, ஆறு கோளாறுகளோடு இதற்குத் தொடர்பு இருக்க வாய்ப்புண்டு என்றார்கள்: சிறுநீரகப் புற்று, விரைப் புற்று, தைராய்டு நோய், பெருங்குடல் புண், இரத்தத்தில் மிகுந்த கொலஸ்ட்ரால், கர்ப்ப காலத்து இரத்த அழுத்தம்.

2007 நவம்பரில் லிட்டில் ஹாக்கிங்கில் கரி வடிகட்டும் நிலையம் ஓடத் தொடங்கியது. நீர் சுத்தமாயிற்று. ஆனால் இரத்தம் உடனே சுத்தமாகவில்லை. நிலையம் வந்தபின் இரத்தத்தில் ஆண்டுக்குச் சராசரி 26 சதவீதம் குறைந்தது. பாதியாகக் குறைய 2.3 ஆண்டுகள் என்று கணக்கிட்டார்கள். புதிதாகக் கடன் வாங்குவதை நிறுத்தினாலும், பழைய பாக்கி மெல்ல மெல்லத்தான் தீரும்.

இப்போது அளவைப் பார்ப்போம். 2024 ஏப்ரலில் அமெரிக்க அரசு, குடிநீரில் பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். ஆகிய இரண்டுக்கும் தனித்தனியே லிட்டருக்கு 4 நானோகிராம் என்று உச்ச வரம்பு வைத்தது. 2025 மே மாதம் அந்த இரண்டு வரம்புகளையும் வைத்துக்கொண்டு, நீர் வழங்குவோருக்கான கெடுவை 2031 வரை நீட்டப் போவதாக அறிவித்தது. 4 நானோகிராம் என்றால் என்ன? பத்து டன் அரிசி ஏற்றிய லாரிகள் ஒரு லட்சம் வரிசையாக நிற்கின்றன என்று வையுங்கள். அத்தனை அரிசியிலும் சேர்த்து நாலு கிராம் கல். அதைப் பொறுக்கச் சொல்கிறார்கள்.

கரி எப்படிப் பிடிக்கிறது?

பொறுக்கும் வேலைக்கு முதலில் வந்தது ஆக்டிவேட்டட் கார்பன் என்று சந்தையில் சொல்லும் கரி. நிலக்கரியையோ மரத்தையோ தேங்காய் ஓட்டையோ கரியாக்கி, அதைக் கடுஞ்சூட்டில் நீராவியில் வாட்டினால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழுகின்றன. ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்தால் பல நூறு சதுர மீட்டர் வரும். அந்தச் சுவர்களில்தான் ரசாயனம் ஒட்டுகிறது.

நம் பக்கத்தில் சிரட்டை என்போம். கொங்கு நாட்டில் தொட்டி, வடக்கே கொட்டாங்கச்சி. அதைச் சுட்டுக் கரியாக்கி விற்பதும், ஆக்டிவேட்டட் கார்பனாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புவதும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நடக்கும் தொழில்தான். எனவே நம் சரக்கே இதற்கும் மேல் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் இந்த ரசாயனத்துக்கு அமெரிக்க நிலையங்கள் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து செய்த கரியையே போடுகின்றன. சிரட்டைக் கரியின் துளைகள் மிக நுண்ணியவை; சிறு மூலக்கூறுக்கு நல்லது. இந்தப் பெரிய சங்கிலிகள் உள்ளே போக, அகன்ற வழியும் வேண்டியிருக்கிறது.

நிலையத்தில் இரண்டு பெரிய தொட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கிறார்கள். நீர் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து நிமிடம் கரியோடு இருக்க வேண்டும். முதல் தொட்டி நிரம்பி ரசாயனம் கசியத் தொடங்கினால் இரண்டாவது பிடித்துக்கொள்ளும். அப்போது முதல் தொட்டிக் கரியை மாற்றி, இரண்டாவதை முதலாவதாக்குவார்கள். பழைய இருப்பை முன்னால் தள்ளி, புதுச் சரக்கைப் பின்னால் அடுக்கும் நம் கிட்டங்கி முறைதான்.

கிட்டங்கியின் தொல்லையும் அதில் உண்டு. நீரில் இருக்கும் இலை, தழை, மக்கிய பொருள்களும் அதே துளையில் இடம் பிடிக்கின்றன. எட்டுக் கரியணுச் சங்கிலி நன்றாக ஒட்டும். நாலு கரியணுச் சங்கிலி சீக்கிரம் நழுவும். எட்டு அணுச் சரக்குக்குத் தடை வந்தபின் ஆலைகள் குட்டைச் சங்கிலிக்கு மாறியதால் இந்தத் தொல்லை கூடிவிட்டது. இதைவிட மோசம் ஒன்று: கரி நிரம்பிய பிறகு நீளச் சங்கிலி வந்தால், ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் குட்டைச் சங்கிலியை அது தள்ளிவிடும். அப்போது உள்ளே போகும் நீரில் இருப்பதைவிட வெளியே வரும் நீரில் அதிகம் இருக்கும்.

இது ஏட்டுக் கதையல்ல. 2020ல் டியூக் பல்கலைக்கழகத்தாரும் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் மக்கள் வீட்டில் உபயோகத்தில் இருந்த 76 குடிநீர் வடிகட்டிகளைச் சோதித்தார்கள். ஆர்.ஓ. மற்றும் இரட்டைக் கட்ட வடிகட்டிகள் 90 சதவீதத்துக்கு மேல் பிடித்தன. கரி மட்டும் உள்ளவை சராசரி 73 சதவீதம். அதிலும் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம். வீடு முழுதுக்கும் பொருத்திய கரித் தொட்டிகள் சிலவற்றில் ரசாயனம் குறையாமல் கூடியிருந்தது. லிட்டில் ஹாக்கிங்கில் கரி வடிகட்டி வைத்தவர்களுக்குச் சற்றுத்தான் குறைவு என்றோமே, அதற்கு இதுவும் ஒரு விளக்கம். நாங்கள் போனில் சொன்ன "நூற்றுக்கு நூறு" எங்கே நிற்கிறது பாருங்கள்.

கரிக்குப் போட்டியாக வந்தது அயனி மாற்று ரெசின். ஜவ்வரிசியைவிடச் சிறிய பிளாஸ்டிக் மணிகள். மணியில் நேர் மின்னேற்றம், ரசாயனத்தில் எதிர் மின்னேற்றம், இரண்டும் கவர்ந்துகொள்ளும். விலை அதிகம். ஆனால் மூன்று நிமிடம் போதும், தொட்டியும் சிறியது. கலிபோர்னியாவில் யோர்பா லிண்டா நீர் மாவட்டம் 2021ல் திறந்த நிலையம் இந்த மணிகளை வைத்து நாளுக்கு இரண்டரைக் கோடி கேலன் சுத்தம் செய்யக்கூடியது. குடிநீர் வேலையில் இந்த மணிகளைப் பெரும்பாலும் ஒரு முறை உபயோகித்துவிட்டு எரிக்கக் கொடுக்கிறார்கள்.

ஆர்.ஓ. பற்றி நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. சவ்வு வழியே நீரை அழுத்தித் தள்ளும் முறை. நீளம் குட்டை பார்க்காமல் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஆனால் தடுத்தது எங்கே? பின்குழாயில் போகும் கழிவு நீரில். வீட்டு ஆர்.ஓ.வில் ஒரு குடம் குடிக்க எடுத்தால் இரண்டு மூன்று குடம் வெளியே போகிறது. ரசாயனம் அந்த நீரோடு சாக்கடைக்குப் போய்விடுகிறது.

அனாமத்துக் கணக்கு

இதுதான் எங்களை யோசிக்க வைத்த இடம். கரியானாலும் ரெசினானாலும் ஆர்.ஓ.வானாலும் ரசாயனத்தை அழிப்பதில்லை. நீரின் பேரிலிருந்து கழித்துக் கரியின் பேரில் எழுதுகிறார்கள், அவ்வளவுதான். எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாத தொகையைக் கணக்குப்பிள்ளை அனாமத்தில் போட்டு வைப்பார் அல்லவா? ஐந்தொகை போடும் நாளில் அது வந்து நிற்கும். உபயோகித்த கரியைக் குப்பை மேட்டில் கொட்டினால், மழையில் ஊறி மறுபடி நிலத்தடி நீருக்கே வரும். கழிவு நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலும் இதே கதை. இக்குடும்பத்தின் சில ரசாயனங்கள் அங்கே உருமாறி பி.எஃப்.ஓ.ஏ.வாகவே வெளிவருகின்றன. அதனால் உள்ளே போனதைவிட வெளியேறும் நீரில் அதிகம் இருப்பதும் உண்டு.

அனாமத்தைத் தீர்க்க என்ன வழி? கரியை மறுபடி உலையில் 800 டிகிரிக்கு மேல் சுட்டு, கிளம்பும் வாயுவை இன்னொரு உலையில் அதிலும் கூடுதல் சூட்டில் எரிக்கிறார்கள். சூடு போதாவிட்டால் பாதி உடைந்த துண்டுகள் புகைபோக்கி வழியே போகும். இன்னொரு வழி, நீரை 374 டிகிரிக்கு மேல், காற்றழுத்தத்தைப் போல் இருநூறு மடங்குக்கும் அதிகமான அழுத்தத்தில் வைப்பது. அந்த நிலையில் நீர் திரவமுமில்லை, ஆவியுமில்லை. ஆக்சிஜனோடு சேர்ந்து கரிமப் பொருளைத் தீயின்றியே எரிக்கும். வைரப் பூச்சு மின்முனைகளில் மின்சாரம் பாய்ச்சியும் உடைக்கிறார்கள்.

2022ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிக்டெல் குழுவினர் காட்டிய வழி எங்களுக்குப் பிடித்தது, ஏனெனில் அதில் நம் கடைச் சரக்கு ஒன்று இருக்கிறது. சோப்புக் காய்ச்சுவோர் வாங்கும் காஸ்டிக் சோடா! அதை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானோடு சேர்த்து 80 முதல் 120 டிகிரிச் சூட்டில் வைத்தால், பி.எஃப்.ஓ.ஏ. வகைச் சங்கிலி தலைப்பக்கத்திலிருந்து அவிழத் தொடங்கிவிடுகிறது. வீட்டில் யாரும் முயல வேண்டாம். சங்கிலித் தலையில் கந்தகம் உள்ள பி.எஃப்.ஓ.எஸ். வகைக்கு இது பலிக்கவில்லை. குழாய் நீர் போல் மிக நீர்த்த நிலைக்கும் ஆகாது. முதலில் கரியோ சவ்வோ சேர்த்துக் கொடுத்த செறிந்த சரக்கைத்தான் இப்படி அழிக்க முடியும். ஆக இரண்டு வேலையும் வேண்டும்: முதலில் பிடிப்பது, பிறகு முடிப்பது.

சங்கிலி முழுதாக உடைந்தால் மிஞ்சுவது ஃப்ளோரைடு. அதில் சுண்ணாம்பைச் சேர்த்தால் கால்சியம் ஃப்ளோரைடாகப் படிந்துவிடும். சுரங்கத்திலிருந்து வெட்டி எடுத்து, இந்த ரசாயனங்களுக்கெல்லாம் மூலப்பொருளாக்கிய தாதுவும் அதே கால்சியம் ஃப்ளோரைடுதான். வந்த வரவுக்குச் சரியாகப் பற்று எழுதியாயிற்று. கணக்கு நேராவது அந்த ஒரு இடத்தில் மட்டுமே.

கடையில் நின்று என்ன சொல்வது?

இதெல்லாம் அமெரிக்காக் கதை என்று விட முடியவில்லை. சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் அடையாறு, பக்கிங்காம் கால்வாய், செம்பரம்பாக்கம் ஏரி ஆகியவற்றின் நீரில் இக்குடும்பத்து ரசாயனங்களைக் கண்டிருக்கிறார்கள். வாடிக்கையாளர் கேட்கத்தான் செய்வார்.

முதலாவதாக, டி.டி.எஸ். மீட்டரை நீட்டி "எண் குறைந்துவிட்டது, எல்லாம் போய்விட்டது" என்று காட்டும் பழக்கம் இந்த விஷயத்தில் பொய்யாகிவிடும். அந்த மீட்டர் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் உப்பைக் காட்டுவது. இந்த ரசாயனத்தைப் பேசுவது அதையும் பத்து லட்சத்தால் வகுத்த அளவில். பெரிய ஆய்வுக்கூடத்து நிறமாலைக் கருவிதான் சொல்ல முடியும். மாதிரி எடுக்கப் போகிறவர் டெஃப்லான் டேப்பும், தண்ணீர் ஒட்டாத மழைக்கோட்டும்கூட அருகில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி.

அடுத்து, "கரி குறைக்கும், முழுதாக எடுக்கும் என்று சொல்ல மாட்டோம், ஆர்.ஓ. கூடுதலாக எடுக்கும், எதுவானாலும் கெடு முடிந்தால் மாற்றியே ஆக வேண்டும்" என்று சொல்லலாம். இதில் கடைசிப் பகுதிதான் உயிர். கெடு தாண்டிய கரியை இன்னும் ஆறு மாதம் ஓட்டலாம் என்று வாடிக்கையாளருக்குக் காசு மிச்சம் பிடித்துக் கொடுப்பது உபகாரமல்ல. அமெரிக்காவில் விற்பவை என்றால், பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். குறைப்புக்கு என்.எஸ்.எஃப். 53, 58 என்ற தரச் சான்றுகள் உண்டு. 53 கரி வகைக்கு, 58 ஆர்.ஓ.வுக்கு. சான்று எண் மட்டும் பார்த்தால் போதாது. இந்த இரண்டு ரசாயனங்களின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈயம் குறைப்பதற்கும் அதே 53தான்.

காகிதத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். எண்ணெய் ஊறாத பொட்டலக் காகிதத்தில் இந்த ரசாயனப் பூச்சு உண்டு. டென்மார்க் 2020 ஜூலையில் உணவுக் காகிதத்தில் இதைத் தடை செய்தது. அமெரிக்காவில் இத்தகைய பூச்சுப் பொருள்கள் உணவுக் காகிதத்துக்காக விற்கப்படுவது நின்றுவிட்டது என்று 2024 பிப்ரவரியில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது. மிட்டாய்க் கடைக்காரர்களுக்குக் காகிதம் போடும் நம் உறுப்பினர்கள், கொள்முதலின்போது பூச்சு என்ன என்று ஒரு வார்த்தை கேட்டுவைப்பது நல்லது. வாழையிலைக்கு அந்தக் கேள்வியே இல்லை.

நாங்கள் செய்தது இதுதான். அந்தச் சில்லறைக் கடைக்காரரை மறுவாரமே கூப்பிட்டு, சொன்னது தவறு என்றோம். "அண்ணாச்சி, அந்தம்மா தினமும் வர்றவங்கதான், நானே சொல்லிருதேன்" என்றார். சொல்லியும் விட்டார். அவர் திருப்பித் தரக் கேட்கவில்லையாம். எப்போது கரியை மாற்ற வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறார். அன்று முதல் எங்கள் கடையிலிருந்து போகும் ஒவ்வொரு வடிகட்டிக் கரிக்கும் விற்ற தேதி, மாற்ற வேண்டிய தேதி இரண்டையும் பில்லிலேயே எழுதுகிறோம். எங்களுக்குச் சரக்கு அனுப்பும் இரண்டு உற்பத்தியாளர்களுக்கு, சோதனைத் தாள் உண்டா, உபயோகித்த கரியைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறோம். முதல் கேள்விக்கு ஒருவரிடமிருந்து பதில் வந்திருக்கிறது. இரண்டாவதற்கு இருவருமே இன்னும் எழுதவில்லை. வந்ததும் இதே பக்கத்தில் தெரிவிக்கிறோம்.